கள்ளச்சாவியால் நுழைந்த கப்பக்காரன்: வீட்டுக் கணினியைக் காப்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு. மகளின் திருமணத்திற்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த மகன், ராத்தாவின் சின்ன வயதுப் படங்களையெல்லாம் சேர்த்து ஒரு வீடியோ செய்து தருவதாகச் சொல்லி எனது கணினியில் உட்கார்ந்திருந்தான். பதினொரு மணியளவில் என்னை எழுப்பினான்.

"வாப்பா, கம்பியூட்டர்ல ஒண்டும் திறக்குதில்ல."

எழுந்து போய்ப் பார்த்தேன். படங்கள், கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எதைத் திறந்தாலும் பிழைச் செய்தியே வந்தது. ஒவ்வொரு கோப்புறையிலும் புதிதாக ஒரு சிறிய எழுத்துக் கோப்பு. அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சுருக்கம் இதுதான்: உங்கள் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டுவிட்டன. திறப்பதற்கான சாவியின் விலை 980 டொலர். 72 மணித்தியாலங்களுக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டொலர்.

கப்பம் என்பது எமது நாட்டவர்களுக்குப் புதிய சொல் அல்ல. ஆனால் அது எமது வீட்டு மேசைக்கு, கழிவு விலையோடு வந்து சேரும் என்று நான் நினைத்ததில்லை.

அந்தக் கணினியில் என்ன இருந்தது என்பதைச் சொன்னால்தான் அன்றிரவு எனக்கு ஏன் கைகால் நடுங்கியது என்று புரியும். நான் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். எமது மஹல்லாவின் ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் செயலாளராகவும் இருக்கிறேன். முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் மாதச் சந்தாப் பதிவு அதிலேதான் இருந்தது. அது எனது சொத்தல்ல, மற்றவர்களின் அமானிதம். அடுத்தது, மர்ஹூம் வாப்பாவின் குரல். அவர் படுக்கையில் விழுவதற்கு முந்திய வருடம், ஊரின் பழைய கதைகளையும் 1978 சூறாவளியில் எங்கள் வீடு போன கதையையும் சொல்லச் சொல்லி, பதினான்கு ஒலிப்பதிவுகளாக எடுத்து வைத்திருந்தேன். வேறெங்கும் பிரதி இல்லை.

வைரஸ் எப்படி வந்தது?

மகனை உட்காரவைத்து, கோபப்படாமல், அன்று மாலையிலிருந்து என்னென்ன செய்தான் என்று வரிசையாகக் கேட்டேன். பணம் கொடுத்து வாங்கவேண்டிய ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருளின் 'கிரெக்' செய்யப்பட்ட பிரதியை அவன் தேடியிருக்கிறான். கிரெக் என்றால் உரிமம் இல்லாமல் மென்பொருளைத் திறக்க உதவும் கள்ளச்சாவி. ஓர் இணையத்தளத்தில் அது கிடைத்திருக்கிறது. கூடவே அழகான வழிகாட்டலும் இருந்திருக்கிறது. அதன் முதலாவது படி: "நிறுவுவதற்கு முன் உங்கள் அன்டிவைரஸை நிறுத்திவிடுங்கள்."

மகன் நிறுத்தியிருக்கிறான். பிறகு அந்தக் கோப்பை இயக்கியிருக்கிறான். திரையில் 'வின்டோஸ் அப்டேட்' நடப்பதுபோல ஒரு பெட்டி வந்திருக்கிறது. அப்டேட் முடியட்டும் என்று எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்த அப்டேட் பெட்டி பொய். அதற்குப் பின்னால் எமது கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன.

வீட்டைக் காக்கும் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திற என்று வாசலில் நிற்பவன் சொன்னால் நாம் திறப்போமா? கணினியில் மட்டும் திறந்துவிடுகிறோம். எம்மில் பலர் வைரஸ் என்பது காற்றில் பறந்துவந்து தொற்றும் ஏதோ ஒன்று என்று நினைக்கின்றனர். அப்படி வருவதும் உண்டு. 2017 மே மாதம் வன்னாகிரை என்ற கப்ப வைரஸ், எவரும் எதையும் கிளிக் செய்யாமலேயே வலையமைப்பு வழியாகப் பரவி, 150 நாடுகளளவில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளைத் தாக்கியது. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போடாதவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொண்டனர். வீட்டுக் கணினிகளைப் பொறுத்தவரை நாமே அழைத்து உள்ளே விடுபவைதான் அதிகம்.

இதில் ஒரு வேடிக்கையான பின்கதையும் உண்டு. ஐபிஎம் வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று கருதப்படும் 'பிரெய்ன்', 1986இல் லாகூரில் பிறந்தது. அதை எழுதியவர்கள் பாசித் பாரூக் அல்வி, அம்ஜத் பாரூக் அல்வி என்ற சகோதரர்கள். தாம் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பலர் காசு கொடுக்காமல் பிரதிபண்ணியதால், அப்படிப் பிரதிபண்ணுபவர்களைப் பிடிப்பதற்காகவே அதைச் செய்ததாக அவர்கள் கூறினர். தமது பெயரையும் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும்கூட வைரஸுக்குள் எழுதி வைத்திருந்தார்கள். ஆக, வைரஸின் வரலாறே களவுப் பிரதியோடுதான் தொடங்குகிறது. இன்றைய கப்பக்காரர்கள் முகவரி தருவதில்லை என்பதுதான் வித்தியாசம்.

பெக்கப் இருந்தும் ஏன் பயனில்லை?

அன்றிரவு எனக்கிருந்த ஒரே நம்பிக்கை வெளி ஹார்ட் டிஸ்க். எல்லாவற்றையும் அதில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். ஆனால் அதைக் கழற்றி வைக்கும் பழக்கம் எனக்கிருக்கவில்லை. மாதக்கணக்கில் கணினியிலேயே செருகியபடி இருந்தது. கப்ப வைரஸுக்குக் கணினியின் டிஸ்க் வேறு, வெளி டிஸ்க் வேறு என்ற பேதம் கிடையாது. எழுதக்கூடிய எந்த இடத்தையும் அது பூட்டும். பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டிருந்தது.

அடுத்த நாள் டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "போர்மட் பண்ணினா எல்லாம் சரி சேர்" என்றார்கள். கணினி சரியாகும், கோப்புகள் போய்விடும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. நல்லவேளையாக, கொழும்பில் கணினித் துறையில் வேலை செய்யும் எனது பழைய மாணவர் ஒருவருக்கு அழைப்பெடுத்தேன். "சேர், ஒண்டையும் அழிக்க வேணாம், அந்தக் கடிதத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றார். அவர் விளக்கியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

எமது கணினியைத் தாக்கியது 'ஸ்டொப்' அல்லது 'டிஜேவு' எனப்படும் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு வீட்டுப் பாவனையாளர்களையே குறிவைக்கும் குடும்பம் அது. கிரெக்குகளும் களவு மென்பொருள்களுமே அதன் பிரதான வாகனம். அது பூட்டும் விதம் இரண்டு வகை. வைரஸ் இயங்கும்போது இணையத்தில் தனது தலைமையகத்தைத் தொடர்புகொள்ள முடிந்தால், அந்தக் கணினிக்கென்றே ஒரு தனிச்சாவியை எடுத்துவரும். முடியாவிட்டால் தன்னிடமுள்ள பொதுச்சாவியால் பூட்டும். பொதுச்சாவி பின்னர் எவராலாவது கண்டுபிடிக்கப்பட்டால் அதே வகையில் பூட்டப்பட்ட எல்லோருடைய கோப்புகளையும் திறக்கலாம். 2019 ஒக்டோபரில் எம்ஸிசொப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம், இந்தக் குடும்பத்தின் 148 வகைகளுக்கான திறப்பு மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. ஆனால் அதற்குச் சற்று முன்பிருந்து எழுதப்பட்ட புதிய வகைகளில் தனிச்சாவி போடப்பட்டிருந்தால் அது எடுபடாது. எமது கணினி அந்நேரம் இணையத்தில் இணைந்திருந்தது. எமக்கு விழுந்தது தனிச்சாவி.

490 டொலரைக் கொடுத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. "காசை அனுப்பினாலும் சாவி தருவான் எண்டு என்ன நிச்சயம்?" என்று எனது மனைவி கேட்ட கேள்விக்கு எவரிடமும் பதில் இருக்கவில்லை. கொடுக்கவில்லை. கொடுக்கும் ஒவ்வொரு டொலரும் அடுத்த வீட்டைத் தாக்குவதற்கான முதலீடு என்பதும் உண்மைதானே.

கிடைத்ததும் கிடைக்காததும்

இந்த வைரஸ் வேகமாக வேலை முடிப்பதற்காக ஒவ்வொரு கோப்பின் ஆரம்பப் பகுதியை, ஏறத்தாழ முதல் 150 கிலோபைட்டை, மட்டுமே பூட்டுகிறது. அதனால் சிறிய கோப்புகள் முழுமையாகவே போய்விடும். சங்கத்தின் சந்தாப் பதிவு அப்படித்தான் போனது. பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை வைத்துக்கொண்டு நானும் பொருளாளரும் ஆறு வாரங்கள் இரவிரவாக உட்கார்ந்து அதை மீண்டும் எழுதினோம். அந்த அடிக்கட்டைகளையும் வீசியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஆனால் பெரிய கோப்புகளின் மீதிப் பகுதி தொடப்படாமல் இருக்கும். வாப்பாவின் ஒலிப்பதிவுகள் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்கும் மேல், எம்பி3 வடிவிலானவை. பெயரின் பின்னால் ஒட்டியிருந்ததை நீக்கி, மாணவர் சொன்ன முறைப்படி திறந்தபோது குரல் வந்தது. ஒவ்வொன்றிலும் முதல் பத்து செக்கன்கள் அளவில் மட்டும் இல்லை. வாப்பா ஒவ்வொரு பதிவையும் ஸலாம் சொல்லித்தான் தொடங்குவார். பதினான்கு பதிவுகளிலும் அந்த ஸலாம் இல்லை. கதை இருக்கிறது.

இப்போது நாங்கள் செய்வது

இந்தப் பாடத்தின் பின் எமது வீட்டில் நடைமுறைக்கு வந்த சில விடயங்கள். எதற்கும் பெரிய செலவில்லை.

*முதலாவது, கழற்றி வைத்த பிரதி.* முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள்: ஒன்று கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெள்ளிக்கிழமை காலையில் டிஸ்க்கைச் செருகி, பிரதி எடுத்து, உடனே கழற்றி அலுமாரியில் வைத்துவிடுகிறேன். மூன்றாவது பிரதி கூகுள் டிரைவில். கணினியோடு தானாக இணைந்து இயங்கும் டிரைவில் பூட்டப்பட்ட கோப்பும் தானாக மேலேறிவிடும் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் மாற்றப்பட்ட கோப்பின் பழைய வடிவத்தைக் கூகுள் பொதுவாக 30 நாட்கள் வைத்திருக்கும். அதற்குள் கவனித்தால் மீட்கலாம்.

*இரண்டாவது, ஆளுக்கொரு கணக்கு.* பிள்ளைகளுக்கு வின்டோஸில் நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு செய்து கொடுத்திருக்கிறேன். அந்தக் கணக்கில் இயங்கும் மென்பொருளால் சாதாரணமாக எனது கணக்கின் கோப்புகளைத் தொடமுடியாது. நிர்வாகிக் கடவுச்சொல் எவருக்கும் கிடையாது. அன்று இதைச் செய்திருந்தால் மகனின் கோப்புகள் போயிருக்கும், சங்கத்தின் பதிவு தப்பியிருக்கும்.

*மூன்றாவது, இருக்கிற காவலனை இயங்க விடுவது.* வின்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசொப்டின் டிஃபென்டர் அன்டிவைரஸ் இலவசமாகவே இருக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும். களவாக கிரெக் செய்த அன்டிவைரஸ் போடுவது, களவெடுத்த பூட்டை வாங்கி வாசலில் போடுவது போன்றது. இரண்டு அன்டிவைரஸ்களை ஒன்றாகப் போடுவதும் வேண்டாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யும். வின்டோஸ் செகியூரிட்டியில் 'ரன்சம்வெயார் புரொடெக்ஷன்' என்ற பகுதிக்குப் போனால், முக்கிய கோப்புறைகளில் அறிமுகமில்லாத மென்பொருள்கள் கைவைப்பதைத் தடுக்கும் ஒரு வசதி இருக்கிறது. அது பொதுவாக நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கும். நாம்தான் இயக்கவேண்டும். சிலவேளை நல்ல மென்பொருளையும் தடுக்கும். அப்போது அதற்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம்.

*நான்காவது, அப்டேட்.* வின்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. இன்னும் அதையே பாவிப்பவர்கள், முடிந்தால் 11க்கு மாறவேண்டும். பழைய கணினி அதற்கு இடம் தராவிட்டால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் இருக்கின்றன. கடிதம் எழுதவும் இணையம் பார்க்கவும் அவை தாராளமாகப் போதும்.

*ஐந்தாவது, கோப்பின் முழுப்பெயரைப் பார்ப்பது.* வின்டோஸ் கோப்பின் கடைசி எழுத்துகளை மறைத்துக் காட்டும். அதனால் 'பில்.பிடிஎப்.எக்ஸ்இ' என்ற கோப்பு வெறும் 'பில்.பிடிஎப்' ஆகத் தெரியும். உண்மையில் அது பிடிஎப் அல்ல, இயங்கும் மென்பொருள். கோப்புறைச் சாளரத்தின் 'வியூ' பகுதியில், பெயரின் கடைசிப் பகுதியைக் காட்டும் தெரிவை இன்றே இயக்கிவிடுங்கள். சந்தேகமான மென்பொருளை வைரஸ்டோட்டல் என்ற இலவச இணையத்தளத்தில் ஏற்றினால், எழுபதளவிலான அன்டிவைரஸ்கள் அதைப் பரிசோதித்துச் சொல்லும். உங்கள் அடையாள அட்டை, வங்கிப் பத்திரங்களை மட்டும் அங்கே ஏற்றவேண்டாம். ஏற்றியவை மற்றவர்களின் கையிலும் கிடைக்கலாம்.

*ஆறாவது, பென் டிரைவ்.* கொமியூனிகேஷன் கடைக்குப் பிரிண்ட் எடுக்கக் கொண்டுபோன பென் டிரைவில், திரும்பி வரும்போது கோப்புறைகளெல்லாம் 'ஷோர்ட்கட்' ஆக மாறியிருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். உண்மையான கோப்புறைகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. அதே பெயரிலுள்ள ஷோர்ட்கட்டைத் தட்டினால் முதலில் வைரஸ் இயங்கும், பிறகு கோப்புறையும் திறக்கும். அதனால் எமக்குச் சந்தேகமே வராது. தட்டாமல், முதலில் அன்டிவைரஸால் பரிசோதியுங்கள். பிரிண்ட் எடுப்பதற்கென்று வேறொன்றும் இல்லாத ஒரு பழைய பென் டிரைவை ஒதுக்கி வைப்பது இன்னும் நல்லது.

*கடைசியாக, கள்ளச்சாவியை விடுவது.* இது களவா இல்லையா என்ற கேள்வியை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பாதுகாப்பை மட்டும் பேசுகிறேன். வீடியோ எடிட்டிங்கிற்கு டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு, படங்களுக்கு கிம்ப், கடிதம் கணக்குகளுக்கு லிப்ரே ஒபிஸ், இவை எல்லாம் சட்டப்படியே இலவசம். மகன் இப்போது டாவின்சியில்தான் வேலை செய்கிறான். அவற்றின் சொந்த இணையத்தளங்களிலிருந்து மட்டும் தரவிறக்குங்கள்.

தாக்கப்பட்டால்?

உடனே இணையத்தைத் துண்டியுங்கள், வெளி டிஸ்க்கையும் பென் டிரைவையும் கழற்றுங்கள். கோப்புகளின் பெயர்கள் கண்முன்னே மாறிக்கொண்டிருந்தால் கணினியையும் நிறுத்திவிடுங்கள், மிஞ்சியதாவது தப்பும். கப்பக் கடிதத்தைப் படம் எடுத்து வையுங்கள். பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து வையுங்கள், இன்று இல்லாத சாவி நாளை கிடைக்கலாம். அதற்குப் பிறகே போர்மட். 2016இல் நெதர்லாந்துப் பொலிஸும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரன்சம்' இணையத்தளத்தில், எந்த வைரஸ் என்று கண்டறியவும் திறப்பு இருந்தால் இலவசமாகப் பெறவும் முடியும். எமது நாட்டில் ஸ்ரீ லங்கா சேர்ட் இத்தகைய முறைப்பாடுகளைப் பெற்றுக்கொள்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கிறது. வெட்கப்பட்டு மறைக்கவேண்டிய விடயமல்ல இது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்தக் கப்ப வைரஸ் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் இன்னொன்றும் கூடவே வரும். எனவே வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி, பேஸ்புக் கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் தெரிவையும் அழுத்துங்கள். நாங்கள் இதைத் தாமதித்துச் செய்தோம். அதற்குள் மகனின் பேஸ்புக் கணக்கிலிருந்து அவனது நண்பர்களிடம் கடன் கேட்டுச் செய்திகள் போயிருந்தன.

மகனை நான் ஏசவில்லை. அவன் கள்ளச்சாவியை எடுத்தான் என்பது உண்மை. ஆனால் முந்நூறு குடும்பங்களின் அமானிதத்தை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, பிரதியையும் அதே கணினியில் செருகி வைத்தவன் நான். எமது பள்ளிவாசல்கள், மத்ரஸாக்கள், சங்கங்கள் பலவற்றின் கணக்குகள் இன்றும் எவரோ ஒருவரின் வீட்டுக் கணினியில், பிள்ளைகள் கேம் விளையாடும் அதே கணினியில்தான் இருக்கின்றன. இதை வாசிக்கும் செயலாளர்களும் பொருளாளர்களும் இன்று மாலையே ஒரு பிரதி எடுங்கள். எடுத்த பிறகு, வயரைக் கழற்றிவிடுங்கள்.